பக்தபூரில் என் வீட்டுக்காரரைக் காட்டித் தந்த கோமதி அம்பாள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு ஐப்பசி கழிந்துவிட்டது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்புதான் படித்தவள், பிழை வருமே என்பது ஒரு தயக்கம். பெரிய தயக்கம் வேறு. என் வீட்டுக்காரர் பாஷை தெரியாத ஊரில் தொலைந்துபோனார் என்று எழுதினால், அவரைத் தெருவில் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்களே என்று இருந்தது. போன வாரம் அவரிடமே கேட்டேன். தலையை ஆட்டிச் சம்மதித்தார். அம்பாள் அடியார்களே, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சங்கரன்கோவில். அவர் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர். பிச்சியும் மல்லியும் வந்து இறங்கினால் அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் மெதுவாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் விளங்கும், பதில் மட்டும் வராது. "ம்" என்பார். அவ்வளவுதான். "வரலாம், வராமலும் போகலாம்மா" என்றார் டாக்டர். தினமும் அம்பாள் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து அவர் தொண்டையில் பூசிவிடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் பூசினேன். வீடு அடங்கிக் கிடந்தது. ஏசுவதற்காவது அந்தக் குரல் வராதா என்று அடுக்களையில் நின்று அழுவேன்.

அப்போதுதான் பனவடலிசத்திரத்துச் சரசு மதினி வந்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா முறை. "வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா அவன் இன்னும் ஒடுங்கிப் போவான் ஏட்டி. கிளம்புங்க ரெண்டு பேரும்" என்றாள். சிவகிரி அண்ணாச்சி ஒருவர் வருடா வருடம் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு காசிக்கும் நேபாளத்துக்கும் ஆட்களை அழைத்துப் போவார். அந்தக் கூட்டத்தோடு மூன்று பேரும் போனோம்.

காசி முடித்து, காத்மாண்டில் பசுபதிநாதரையும் தரிசித்தோம். மறுநாள் அரை நாள் மிச்சம் இருந்தது. பக்கத்தில் பக்தபூர் என்று பழைய ராஜாக்கள் ஊர். அரண்மனையும் கோவில்களுமாக நிறைந்த சதுக்கங்கள் அங்கே இருக்கின்றன. சுற்றிக் காட்ட அந்த ஊர்க்காரர் ஒருவர், தலை நரைத்தவர், சிவப்புக் குடையோடு வந்தார். அந்தக் குடை போகிற வழியே நாங்கள் போக வேண்டும். அவர் ஹிந்தியில் விளக்கமாகச் சொல்வார். அண்ணாச்சி அதைத் தமிழில் "பழைய ராஜா கெட்டுனது" என்று முடித்துவிடுவார்.

"என்ன அண்ணாச்சி, அவரு மூச்சு விடாம பேசுனாரு, நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீய?" என்று மதினி கேட்டாள்.

"எல்லா ராஜாவும் ஒண்ணுதான் அக்கா. கோயிலக் கெட்டுனான், சண்ட போட்டான், செத்துப் போனான். நடங்க, நடங்க."

எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரரும் சிரித்தார், சத்தமில்லாமல்.

முதலில் அரண்மனைக்குப் போனோம். பொன்னாலான ஒரு வாசல். உள்ளே முற்றம் தாண்டினால், படி இறங்கின பள்ளத்தில் ஒரு குளம். நடுவில் கம்பத்தின் மேல் நாகம் ஒன்று படமெடுத்து நிற்கிறது. எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. பாம்பைக் கண்டால் கை கூப்புகிற ஊர்க்காரர்கள் அல்லவா நாம். என் வீட்டுக்காரர் அங்கே கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

அடுத்த சதுக்கத்தில் ஐந்து அடுக்குக் கோவில். படிகள் செங்குத்து. இரண்டு பக்கமும் கல்லில் மல்லர்களும் யானைகளும் சிங்கங்களும். முடிந்தவர்கள் ஏறினார்கள், நாங்கள் கீழே நின்றோம். பிறகு குடை உயர்ந்தது, கிளம்பினோம். வழக்கம்போல ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். குயவர்கள் பானை வனைகிற இடத்துக்கு வந்து, மண் கலயங்களைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க, பூ மார்க்கெட்டு அண்ணாச்சியக் காணும்?" என்றார் அண்ணாச்சி.

"உங்க கூடல்லா வந்தாரு!" என்றேன்.

"இல்லம்மா, உங்க கூட நிக்காருன்னுல்லா நாங்க நெனச்சோம்."

எந்தக் கோவிலானாலும் பிரகாரம் சுற்றாமல் அவர் நகர மாட்டார். நல்லாயிருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த ஐந்து அடுக்குக் கோவிலையும் இழுக்கிற காலோடு சுற்றப் போயிருப்பார். சுற்றி வந்து பார்த்தால் குடை இருந்திருக்காது. அவரிடம் போன் இல்லை. எந்த ஊர், என்ன பேர் என்று யாராவது கேட்டால் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அண்ணாச்சி அந்தக் கோவிலுக்கு ஓடினார், வெறுங்கையோடு திரும்பி வந்தார். கைடு போலீசுக்குச் சொல்லப் போன் எடுத்தார்.

நான் ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். முந்தியில் முடிந்திருந்த புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசினேன். நேர்ச்சை சொல்லக்கூட வாய் வரவில்லை. மனதுக்குள் இவ்வளவுதான் சொன்னேன்: "தாயே, நீ ஒத்தக் கால்ல தபசு நின்ன. உனக்கு ஹரியவும் சிவனவும் ஒண்ணாக் காட்டுனாங்க. எனக்கு அவரு ஒருத்தரக் காட்டு, போதும்."

மதினி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழாத ஏட்டி. தபசுக் கூட்டத்துல தொலையாதவனா இந்தக் கூட்டத்துல தொலையப் போறான்?"

அவள் ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தைதான். என் தலைக்குள் மணி அடித்த மாதிரி ஆனது. கல்யாணமான முதல் ஆடித்தபசுத் திருவிழாவில் நான் கூட்டத்தில் தவறிவிட்டேன். அன்றைக்கு அவர்தான் சொன்னார்: "இனிமே தவறினா அங்கயும் இங்கயும் அலையாத. நேரா நாகசுனைப் படிக்கட்டுல போய் நில்லு. நான் வந்துருவேன்." பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லி வளர்த்தோம். நம் கோவில் குளமான நாகசுனைதான் எங்கள் வீட்டில் தவறினவர்கள் சேரும் இடம்.

"மதினி! அந்தப் பாம்புக் குளம்!" என்று எழுந்தேன்.

கைடுக்கு விளங்க வைக்க நேரமில்லை. கையைப் பாம்புப் படம் போலக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு முன்னால் நடந்தார். வந்த வழியே வேகமாகத் திரும்பினோம். பொன் வாசல் காவலரிடம் அவர் ஏதோ சொல்ல, உள்ளே விட்டார்கள்.

குளத்துக்கு மேலே, நாகத்தைப் பார்த்தபடி, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி நுனியைத் தூக்கிச் செருகியிருந்தார். நான் கூப்பிட்டேன். திரும்பினார். முகம் சிவந்திருந்தது. உதடு துடித்தது.

"எங்க போன, ஏட்டி?"

உரக்க இல்லை, இழுத்து இழுத்துத்தான் சொன்னார். ஆனால் ஏலம் கூறுகிற அதே குரல். எனக்கு அப்படியே கும்பிடத்தான் தோன்றியது. அண்ணாச்சி துண்டால் வாயை மூடிக்கொண்டார். மதினி அழுதுகொண்டே சிரித்தாள். "தொலைஞ்சவன் இவன், ஏச்சு வாங்குதது நீயா!" என்றாள்.

அவர் கணக்கில் நான்தான் தவறிப்போனவள். அவர் சொன்ன இடத்தில் சரியாக வந்து நின்றிருக்கிறார், நான்தான் தாமதம். பெற்றவர்கள் மறக்கலாம், பிள்ளைகள் மறக்கலாம், அம்பாள் மறக்கவில்லை. அவரைக் காட்டு என்றுதான் கேட்டேன். குரலையும் சேர்த்துத் தந்தாள்.

ஊர் திரும்பின பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. சில நாள் நாலு வார்த்தை வரும், சில நாள் ஒன்றும் வராது. ஏலம் இப்போது வேறொருவர் கூறுகிறார். இவர் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறார். முன்பெல்லாம் சன்னதியில் நின்று அது வேண்டும், இது வேண்டும் என்று நிறையக் கேட்பேன். இப்போது ஒன்றும் கேட்கத் தோன்றுவதில்லை. "நிக்கேன் தாயே" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது கண் முன்னால் இருந்தபடியே தொலைந்துபோயிருக்கலாம். மனசு விட்டுவிடாதீர்கள். அவளிடம் ஒரே ஒரு தடவை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதில் யார் வாயில் வரும் என்று தெரியாது, காதைத் திறந்து வைத்திருங்கள்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அந்தப் பாம்பு உயிரோடு வந்து வழி காட்டியது என்று எங்கள் தெருவிலேயே ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் மடமடவென்று பேசினார் என்றும் சேர்க்காதீர்கள். அவர் சொன்னது மூன்றே வார்த்தை. அதை நான்காக்க வேண்டாம்.