கால் கட்டைவிரலும் அக்கா கொடுத்த சிறுநீரகமும்

என் அக்காவின் கணவரை, அதாவது மாமாவை, எனக்குப் பிடிக்காது. அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்த பிறகு, அவர் பார்வை முதலில் என் வயிற்றுக்குப் போய், அப்புறம்தான் முகத்துக்கு வரும். அவர் வீட்டுச் சாமானை நான் எடுத்து வைத்துக்கொண்டதுபோல. அக்காவுக்காகப் பல வருஷம் பொறுத்துக்கொண்டேன்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் எனக்கு வேலை. இரும்பு முனை வைத்த ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒருநாள் விடியற்காலையில் வலது கால் கட்டைவிரல் மூட்டு நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. சிவந்து, தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. செருப்பை இழுத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். ஷூவுக்குள் கால் நுழையவில்லை. கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரே டீக்கடை பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒயின் ஷாப். அந்த நேரத்துக்கு அது திறக்கக்கூட இல்லை.

மாமா டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் வழக்கம்போல் சாலையில் நகராமல் நின்றிருந்தன. அந்த வரிசையில் ஒரு கேபினுக்குள்ளிருந்து அவர் என்னைப் பார்த்திருக்கிறார்.

சாயங்காலமே தண்டையார்பேட்டையில் நான் தனியாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே அக்கா. மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கினார். சுரைக்காய்க் கூட்டும் ரசமும்தான் இருந்தன. நண்டோ இறாலோ அகப்படாத ஆத்திரத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"வாய ஊதிக் காட்டுடா."

நான் ஊதவில்லை. குடித்துவிட்டு நண்டும் இறாலும் தின்கிறவனுக்குத்தான் விரல் இப்படி வீங்கும், தன்னோடு வண்டி ஓட்டுகிற ஒருவனுக்கும் அப்படித்தான் வந்தது என்றார்.

"எம் பொண்டாட்டி ஒடம்ப அறுத்து உனுக்கு வெச்சிகீது. நீ இன்னாடான்னா ஒயின் ஷாப் வாசல்ல கால நீட்டிகினு குந்திகினு கீற."

அதோடு சட்டைப் பையிலிருந்து ஒரு வலி மாத்திரை அட்டையை எடுத்து என் மடியில் போட்டார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதாம், போட்டுக்கொண்டால் காலையில் எழுந்து நடக்கலாமாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரை ஆகாது என்று, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நொண்டிக்கொண்டே போய் அட்டையை வாசல் சாக்கடையில் எறிந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். அக்கா இழுத்து விலக்கினாள்.

மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் கால் குணமாகவேண்டும் என்று அவர் வரவில்லை. நான் குடிக்கிறேன் என்று டாக்டர் வாயால் கேட்க வந்தார். நான் உட்காருவதற்குள் அதைச் சொல்லியும்விட்டார்.

டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்ததும்தான் பேசினார். கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நான் தினமும் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றே யூரிக் அமிலத்தைத் தேக்கிவிடும். வருஷம் போகப் போக அந்தச் சிறுநீரகத்தின் வேகமும் கொஞ்சம் குறையும். தேங்கியது மூட்டில் ஊசி ஊசியாகப் படிந்து இப்படிக் குத்தும். குடிக்காதவனுக்கும் வரும் என்பதை மாமாவைப் பார்த்தே சொன்னார். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து என்னுடைய இன்னொரு மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தாகக் குறைந்துவிடுமாம். அதனால் முதலில் அந்த மாத்திரையை மாற்றினார். வீக்கம் வடிய ஸ்டீராய்டைச் சில நாளைக்குக் கூட்டினார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது இனித்தது.

அப்போது டாக்டரம்மா அக்காவிடம், கொடுத்தவர் நீங்கள்தானே, கடைசியாக எப்போது பரிசோதனைக்கு வந்தீர்கள் என்று கேட்டார். அக்காவுக்கு நினைவில்லை. முதல் வருஷத்தோடு நின்றுபோயிருந்தது. அங்கேயே பிரஷர் பார்த்தார்கள். நிறைய ஏறியிருந்தது. அப்படியே விட்டால் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகமும் கெட்டுவிடும் என்றார் டாக்டரம்மா.

வராந்தாவுக்கு வந்ததும் நான் மாமாவை விடவில்லை. அதுவரை அவரை நீ என்று பேசியதே கிடையாது.

"என் வயித்துல கீறதுக்கு காவல் காத்தியே மாமா, அக்கா வயித்துல மிச்சம் கீற ஒண்ணுக்கு நீ இன்னா பண்ண?"

அவர் கை ஓங்கினார். அக்கா நடுவில் வந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

"உன்னுது என்னுதுன்னு அடிச்சிகினு கீறீங்களே, ரெண்டு பேருல எவனாச்சும் என் ஒடம்பு எப்டி கீதுன்னு ஒரு தபா கேட்டீங்களா?"

சொல்லிவிட்டு எங்களைப் பார்க்காமல் தனியாக ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். அந்த ஆளையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாளே என்று அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் முழுசாக ஆறவில்லை.

விரல் வீக்கம் சீக்கிரமே வடிந்தது. மாமாவும் நானும் பேசுவதில்லை, பேசவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அக்கா இப்போது பரிசோதனைக்குத் தவறாமல் போகிறாள். அவரையும் கூப்பிடுவதில்லை, என்னையும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். முடித்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி என்னைக் கடக்கும்போது, பிரஷர் இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். நான் தலையாட்டினேன். அவள் நிற்கவில்லை.