என் விரல் கேட்ட ஓசை

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பதை நான் மறைத்தேன். பரிசோதித்த மருத்துவரையே ஏமாற்றி மறைத்தேன். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள, ஒரு தவறும் செய்யாத மனிதர் மீது பழியைப் போட்டேன்.

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று எதிர்பார்த்தீர்களா? நானும்தான் எதிர்பார்த்தேன்... ஆனால் நடந்தது எல்லாம் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. மறந்துபோனவர்கள்தான் தடுமாறுவார்கள்.

நான் படித்தவள். கோவை பீளமேட்டில் கல்லூரியில் படித்து விலங்கியல் பட்டம் வாங்கியவள். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் பிள்ளைக்கு என்னென்ன குறை வரலாம் என்பதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவள். அப்படிப்பட்ட நான், வெள்ளகோவிலில் இருக்கும் என் அத்தை மகனைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றேன்.

அப்பா தயங்கினார். அத்தை அவருடைய உடன்பிறந்த தங்கைதான். இருந்தாலும் தயங்கினார்.

"வேண்டாம் அம்மணி. நம்ம வழியில ஏற்கனவே சொந்தத்துக்குள்ளயே சுத்திச் சுத்திக் கட்டியிருக்குது."

"எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்கப்பா. அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க எங்கிட்டக் கேளுங்க."

அந்த வாய்ச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

தலைப்பிரசவம் கோவையில், அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது. நிவேதா பிறந்த மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் அப்போது ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல், கிலுகிலுப்பையும் கரண்டியும் காகிதமும் எழுப்பும் ஓசைகளைக் கொண்டே கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கண்டுபிடித்துவிட முடியுமா? அது முடிந்தால் கிராமத்துச் செவிலியர்கூட அந்தச் சோதனையைச் செய்துவிடலாம். டாக்டர் நஸீமா என்பவர் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒன்றரை வயதுக்குள் மூன்று முறை குழந்தையைக் கொண்டுவர வேண்டும். ஆராய்ச்சி என்றதுமே நான் சம்மதித்துவிட்டேன். படித்தவள் அல்லவா!

சோதனை மிக எளிமையானது. குழந்தை என் மடியில் இருப்பாள். நான் அவள் இடுப்பை இரு கைகளாலும் பிடித்திருப்பேன். எதிரே டாக்டர் ஒரு பொம்மையை ஆட்டி அவள் பார்வையைப் பிடித்து வைப்பார். பிறகு பொம்மையை மறைப்பார். அந்தக் கணத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஸ்டெல்லா சிஸ்டர் வலப்பக்கமோ இடப்பக்கமோ மெல்ல ஓசை எழுப்புவார். கேட்கிற குழந்தை அந்தப் பக்கம் திரும்பும்.

முதல் முறை, கிலுகிலுப்பை வலப்பக்கம் ஒலித்தது. எனக்குக் கேட்டது. என் வலது கட்டைவிரல் அவள் இடுப்பை அழுத்தியது. அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

"வெரிகுட் பாப்பா," என்றார் டாக்டர்.

இடப்பக்கம் கோப்பையின் விளிம்பில் கரண்டி உரசியது. இடது விரல் அழுத்தியது. திரும்பினாள்.

அன்று என் விரல் செய்தது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லலாம். நீங்களும் நம்புவீர்கள். வீட்டில் அவளைத் திரும்பிப் பார்க்க வைக்க நான் இடுப்பைத் தொடுவதுதான் வழக்கம். அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது... ஆனால் ஏன் தொட்டுக் கூப்பிட்டேன்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை என்பதால் அல்லவா? அப்படியென்றால் அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. என்னிடம் நானே ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பங்குனியில் கோயில் சாட்டுத் திருவிழாவின்போது, அப்படி ஒத்துக்கொள்ளாமல் இருப்பதும் முடிந்தது. பக்கத்தில் வேட்டு வெடித்ததும் கூட்டத்தில் இருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் வீறிட்டன. என் மகள் என் தோளில் சாய்ந்தபடி என் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, எம் பேத்திக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. எங்கூட்டு ரத்தமுங்கோ!" என்று அக்கம்பக்கம் நின்றவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

அடுத்த சோதனைக்குப் பேருந்தில் போகும்போது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். காங்கேயம் தாண்டும்வரை நினைத்தேன். அதற்குமேல் அப்பாவின் முகம் வந்து நின்றது. அவர் திட்டமாட்டார். 'நான் அப்பவே சொன்னேன்' என்றுகூடச் சொல்லமாட்டார். பேசாமல் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, பேத்தியை எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று கேட்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

இரண்டாம் முறை என் விரல்கள் அறிந்தே அழுத்தின. மிகக் கவனமாக, அழுத்துவது வெளியே தெரியாதபடி, முந்தானையை மடியில் பரப்பிக்கொண்டு அழுத்தின. ஸ்டெல்லா சிஸ்டர் காகிதத்தைக் கசக்கிய ஓசை எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அதற்கும் என் மகளைத் திரும்ப வைத்தேன். அத்தனை திறமையாக நான் வாழ்க்கையில் வேறு எதையும் செய்ததில்லை.

"நல்ல காதுங்க உங்க பாப்பாவுக்கு," என்றார் டாக்டர் நஸீமா.

அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது. இதை எப்படி விளக்குவேன்... பொய் என்று தெரிந்தும், ஒரு மருத்துவர் வாயால் கேட்டபோது, ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று நான் நம்பினேன். அன்று காந்திபுரத்தில் அவளுக்குக் கொலுசு வாங்கினேன். சலங்கை வைத்த கொலுசு.

மூன்றாம் முறை போனபோது மேசைமேல் ஒரு வாக்மேன் இருந்தது.

"நிறைய அம்மாக்கள் அவங்களுக்கே தெரியாம குழந்தைக்குக் குறிப்புக் காட்டிப்போடறாங்க," என்றார் டாக்டர். "தப்புன்னு சொல்லலீங்க, பாசந்தான். அதனால இனி அம்மா காதையும் அடைச்சுப்போடலாம்னு இருக்கோம்." சிரித்தபடி என் காதுகளில் அதை மாட்டிவிட்டார்.

உள்ளே நாதஸ்வரம் முழங்கியது. அதற்கு அப்பால் உலகம் வாயை மட்டும் அசைத்தது. பின்னால் ஓசை எழுந்ததா, எந்தப் பக்கம் எழுந்தது, எதுவும் தெரியவில்லை. டாக்டரின் கண்களை வைத்து ஊகித்து ஒருமுறை இடப்பக்கம் அழுத்தினேன். நிவேதா திரும்பினாள். டாக்டரின் புருவம் சுருங்கியது. தவறான பக்கம் என்று புரிந்தது. விரல்களை எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு என் மகள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நான் குனிந்து அவள் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

தூங்க வைத்து, தலையில் கம்பிகள் ஒட்டி இன்னொரு சோதனை எடுத்தார்கள். இரண்டு காதுகளிலும் கடுமையான குறைபாடு என்றார்கள். என் வீட்டுக்காரரும் அன்று கூட இருந்தார்.

டாக்டர் நஸீமாவுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "முன்னாடி ரெண்டு தடவையும் நல்லாத் திரும்புனாளே. நீங்க குறிப்புக் காட்டுன மாதிரியும் தெரியலீங்க. நடுவுல ஏதாச்சும் காய்ச்சல், ஊசி, மாத்திரை...?"

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், பதில் சொல்லாதீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்.

நடுவில் காய்ச்சல் வந்தது உண்மை. எங்கள் ஊர் டாக்டரிடம் போனதும், அவர் இரண்டு ஊசி போட்டதும் உண்மை. நான் சேர்த்தது ஒரே ஒரு வாக்கியம்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறந்தானுங்க கூப்பிட்டாத் திரும்பறதில்லை."

"என்ன ஊசிங்க?"

"தெரியலைங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். சில ஊசிகளால் கேட்கும் திறன் போவதுண்டு என்று என் வீட்டுக்காரருக்குப் பொறுமையாக விளக்கினார். எந்த ஊசி என்று தெரியாமல் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பகுதி என் வீட்டுக்காரர் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை ஊர் டாக்டரின் கிளினிக் வாசலில் மொபெட்டை நிறுத்தினார். நான் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆத்திரத்திலும் மரியாதை போகாது. அதுதான் கேட்பவர்களை இன்னும் கலங்க வைத்தது.

"ஏனுங்க டாக்டர், எம் புள்ளைக்கு என்னத்தைங்க போட்டீங்க? ரெண்டு காதும் போயிருச்சுங்க. உங்களை நம்பித்தானுங்களே கொண்டாந்தோம்?"

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி, அது சாதாரண ஊசிதானுங்க. எல்லாருக்கும் போடறதுதான்... உக்காருங்க, சீட்டை எடுத்துப் பாக்கறேன்."

"இனி பாத்து என்னங்க ஆகப்போகுது?"

பெஞ்சில் இருந்த ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அன்று மாலைக்குள் கடைவீதிவரை பேச்சுப் பரவியது. பாதிக் கூட்டம் அந்தக் கிளினிக்கைவிட்டு விலகியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேட்கும் காதோடு பிறந்து, பின்னால் அதை இழந்த குழந்தை என்று நிவேதாவைப் பற்றி டாக்டர் நஸீமா மருத்துவர்கள் கூட்டத்தில் பேசினார். "உங்க பாப்பா கேஸ் ரொம்ப முக்கியமானதுங்க," என்று என்னிடம் நன்றி சொன்னார். அவருடைய உழைப்பில் நான் கலந்த நஞ்சுக்கு எனக்குக் கிடைத்த நன்றி அது.

என் மகளுக்காக நான் எதையும் குறைவைக்கவில்லை. வாரம் தவறாமல் கோவைக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். நெஞ்சில் கட்டும் காதுக்கருவிக்கு ஒவ்வொரு கவுனுக்கும் பொருத்தமான நிறத்தில் பை தைத்தேன். அவள் முகத்துக்கு நேரே முகம் வைத்து ஒரே சொல்லை நாள் முழுவதும் சொன்னேன். இன்று எல்லாக் குழந்தைகளோடும் அவள் பள்ளிக்குப் போகிறாள். உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்கிறாள். நான் நல்ல தாய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கருவியை இன்னும் முன்னாலேயே மாட்டியிருந்தால் பேச்சு இன்னும் தெளிந்திருக்கும் என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னபோது, தலையாட்டிக் கேட்டுக்கொண்டவளும் நான்தான்.

போன மாதம் வெள்ளகோவில் பேருந்து நிலையத்தில், ஊசி போட்ட அந்த ஊர் டாக்டரைப் பார்த்தேன். ஒதுங்கிவிடலாம் என்று திரும்பினேன். அவர் பார்த்துவிட்டார். நேராக வந்தார். இளைத்திருந்தார். நிவேதாவின் நெஞ்சில் இருந்த பையையும், அதிலிருந்து காதுகளுக்குப் போகும் கம்பிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாப்பா நல்லாப் பேசுதுங்களா?"

"பேசறாளுங்க."

"அந்த ஊசியைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேனுங்க. அதுல காது போகும்னு எதுலயும் இல்லை. கோயமுத்தூர்ல பெரிய டாக்டருங்களையும் கேட்டுப்போட்டேன். இல்லைன்னுதான் சொல்றாங்க. ஆனா புஸ்தகத்துல இல்லாததும் நடக்குமில்லீங்களா? பெத்தவங்க நீங்க சொல்றப்போ அது பொய்யாகாதுங்களே. என் கையால நடந்திருந்தா... மன்னிச்சுருங்க அம்மணி."

நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா என் புடவையை இழுத்தாள். அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா, இவரு எதுக்கு மன்னிப்புக் கேக்கறாரு?"

அவள் உச்சரிப்பு அப்படித் தெளிவாக வந்ததே இல்லை. பயிற்சி வகுப்பாக இருந்தால் நான் கைதட்டியிருப்பேன். டாக்டர் குனிந்து அவள் தலையைத் தொட்டார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

ஒரு வாக்கியம் போதும். அன்று ஒரு வாக்கியத்தால் செய்ததை இன்று ஒரு வாக்கியத்தால் அவிழ்த்துவிடலாம். அது என் நாக்கின் நுனிவரை வந்தது. உங்களிடம் சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது...

"பரவாயில்லைங்க டாக்டர்," என்றேன். "நீங்க வேணும்னு செய்யலீங்களே."

அவர் கைகூப்பினார். நானும் கூப்பினேன். பேருந்து வந்தது. ஜன்னலோர இருக்கையில் நிவேதாவை உட்கார வைத்தேன். அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, என் உதடுகளைப் பார்த்தபடி, நான் பதில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.