கிண்ணத்தில் கடைசிச் சீட்டு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுக்கிற வேலை அவருக்கு. வாடிக்கையாளர்கள் முன்னால் ஃபிரேமை மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் இவர் அந்த ஃபிரேமுக்குள் உட்காரும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் சொட்டும், வெள்ளைப் பொடி விரலிடுக்கில் படியும். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை எவ்வளவு மங்கல் என்று அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் முகமும் தெரியாது.

வீட்டில் பேச்சுத்துணைக்கு அக்கா இருந்தாள். துணை என்றால், அவள் பேசுவாள், இவர் உம் கொட்டுவார். சபையிலும் அதே கதைதான். ஆராதனை முடிந்ததும் அக்கா வாசலில் நாலு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேச, இவர் அவளுடைய கைப்பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நிற்பார். போன வருடம் அக்கா இறந்துபோனாள். அதன்பிறகும் ஞாயிறு தவறாமல் போனார். முந்நூறு பேர் கூடும் சபை. "நல்லா இருக்கீங்களா பிரதர்?" என்று கை குலுக்குவார்கள். இவர் பதிலைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த கைக்குப் போயிருப்பார்கள்.

வீட்டுக் குழுக்கள் தொடங்குவதாகப் போதகர் அறிவித்தபோது, மூன்று ஞாயிறு யோசித்து நாலாவது ஞாயிறு பெயர் கொடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் வீடு. இவரையும் நர்ஸையும் சேர்த்து ஏழு பேர். முதல் நாளே நர்ஸ் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தார். உள்ளே ஏழு பேருடைய பெயர்களும் மடித்த சீட்டுகளாகக் கிடந்தன.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க. யார் பேர் வருதோ அவங்களுக்காக ஒரு மாசம் தினமும் ஜெபம். வாரத்துல ஒரு தடவையாவது போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேக்கணும். சொந்தப் பேர் வந்தா திருப்பிப் போட்டுடணும், சரியா?"

"கடன்காரன் போன் பண்ணாம மனுஷன் போன் பண்ணா, அதுவே அற்புதம்தான் சிஸ்டர்" என்றார் பஸ் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கிண்ணம் கடைசியாக இவரிடம் வந்தது. மிச்சமிருந்தது ஒரே சீட்டு. பிரித்தார். அவருடைய பெயர்.

திருப்பிப் போடுவதென்றால் ஆறு பேரும் மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் ஒரு பெண் தன் சீட்டை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டாள். டிரைவர் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். யாரையும் சிரமப்படுத்தாமலே ஐம்பத்திரண்டு வயது வரை வந்துவிட்டவர் அவர்.

"உங்க பேர் இல்லையே தம்பி?" என்றார் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர்."

ஜெபக்கூட்டத்தில் சொன்ன முதல் வார்த்தையே பொய்.

அந்த வாரம் அவருக்கு யாரும் போன் செய்யமாட்டார்கள் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். தெரிந்தும், கடையில் மெஷின் ஓடும்போது மணிச்சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த புதன், டிரைவர் ஆரம்பித்தார்:

"எனக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போன்! தூக்கத்துல, பஸ்ஸு ரிப்பேர்னு நினைச்சு எந்த ரூட்டுன்னு கேட்டுட்டேன். கண்ணாடிக்காரரே, உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். இவரை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று ஆறு பேருக்கும் நிம்மதி. முந்நூறு பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குத் தோன்றியது. அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் அடித்துப் போட்டது. கடைக்கும் போகவில்லை, புதன் கூட்டத்துக்கும் போகவில்லை. வியாழன் மதியம் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. நர்ஸ்.

"ஏன் தம்பி நேத்து வரல?"

"லேசா காய்ச்சல் சிஸ்டர்."

"உங்களுக்குப் போன் பண்றவங்களக் கேட்டா தெரியும்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். அஞ்சு பேரும் நான் இல்லங்கறாங்க, நானும் இல்ல. உங்க சீட்டு எங்க?"

அவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்டயேதான் இருக்கா?"

"ஆமா சிஸ்டர்."

"அட கடவுளே! வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"எல்லாரும் எடுத்துட்டாங்க… மறுபடி எடுக்கணுமே."

"ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும் தம்பி. ரெண்டே நிமிஷம்." முப்பது வருடம் வார்டில் அதட்டிய குரல் சற்றுத் தணிந்தது. "சரி, உங்க பேருக்கு நீங்களாவது ஜெபம் பண்ணீங்களா?"

"முதல் நாள் முழங்கால் போட்டேன். என்ன கேக்கறதுன்னு தெரியல. எந்திரிச்சுட்டேன்."

"இப்பச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்? நான் கேக்கறேன்."

ஒரு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. பதில் தொண்டைவரை வந்தது. அதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பார்த்தார். தொடங்கினால் எங்கே முடியும் என்றும் பார்த்தார். அந்தப் பக்கம் நர்ஸ் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அவருக்கும் வேலை இருக்கும்.

"காய்ச்சல் விடணும் சிஸ்டர்."

நர்ஸ் உடனே ஜெபித்தார். சுருக்கமாக, உருக்கமாக, உடம்புச் சூடு தணிய வேண்டும் என்று. இவர் கண்ணை மூடி, கடைசியில் ஆமென் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று நர்ஸ் போனை வைத்தார்.

காய்ச்சல் காலையிலேயே விட்டிருந்தது.