மூன்றாவது முடிச்சு

அமிர்தவல்லி தன் மகளை நன்றாகப் பார்த்ததே அவளுக்குப் பதின்மூன்று வயதானபோதுதான் என்பேன். அதுவரை நீலாவதி அந்த வீட்டில் தண்ணீர் தூக்கவும் மிளகாய் காயவைக்கவும் இருந்த ஒரு பெண், அவ்வளவுதான். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்தில் அவள் அநாதைப் பெண்ணாக வந்து அழுதாள். முன்வரிசையில் இருந்த தாசில்தார் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அமிர்தவல்லி மேடையைப் பார்க்கவில்லை, தாசில்தார் மனைவியின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

அவள் புருஷன் தனகோட்டி செஞ்சிக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். எதிர்வரிசையில் என் ஜவுளிக் கடை. அவர்கள் வீடு கடைக்குப் பின்கட்டு. அங்கே பாத்திரம் உருண்டால்கூட எனக்குக் கேட்கும். அதனால் நான் சொல்வதில் பெரும்பாலும் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டதுதான்.

சின்ன வயதில் தெருக்கூத்து பார்க்கப் போனதற்காக அமிர்தவல்லிக்கு அவளுடைய நைனா சூடு போட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். அதனால் தன் மகளுக்குச் சூடு போடாமல் விட்டாளா என்றால், இல்லை. வேறு மாதிரி போட்டாள்.

மகளுக்கு அழுகை வற்றிவிடக் கூடாது என்பது அவள் கவலை. காலையில் எழுப்பி உட்காரவைத்து, "உங்க நைனா போய்ட்டாருடி" என்பாள். தனகோட்டி முன்பக்கம் புளி நிறுத்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாள் நீலாவதி அழுதாள், பிறகு வரவில்லை. அவளிடம் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி இருந்தது. "அத கசாப்புக்காரனுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. அழுதாள். அடுத்த தடவை அவள் நம்பவில்லை, குட்டி கொல்லையில் கத்திக்கொண்டிருந்தது. அதற்கடுத்த தடவை அமிர்தவல்லி நிஜமாகவே குடுத்துவிட்டாள். அந்த வாரம் எங்கள் கடைவீதி நாடக மன்றத்தின் நாடகத்தில் நீலாவதி பிரமாதமாக அழுதாள் என்று திண்டிவனத்திலிருந்து வந்தவர்கள்கூடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. விழுப்புரத்துக்கும் ஆரணிக்கும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைந்தாள். உடுப்பெல்லாம் தன் கையால் தைத்தாள். பாடம் சொல்லிக் கொடுத்தே மன்றத்தின் எல்லா நாடகமும் அவளுக்கு மனப்பாடம். மேடையில் யாராவது வசனம் மறந்தால், பக்கவாட்டில் நின்ற அவள் உதடு முதலில் அசையும். அவளை மேடையில் ஏற்றியிருந்தால் மகளை விட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

நீலாவதிக்கு நடிப்பில் அவ்வளவு ஆசை இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவள் ஆசை துரைராஜ் மேல். வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்துவந்த விநாயகம், அமிர்தவல்லிக்கு அண்ணன். அவர் மகன்தான் துரைராஜ். நீலாவதி பிறந்தபோதே அவனுக்கு என்று பேசிவைத்தது. வெள்ளிக்கிழமை சந்தைக்கு அவன் வண்டி வந்தால், இவள் காரணமில்லாமல் கடை வாசலுக்கு வந்து சாமான் அடுக்குவாள். அவனும் காரணமில்லாமல் கட்டின மூட்டையை அவிழ்த்துக் கட்டுவான். நடிப்பு அம்மாவுக்கு, துரைராஜ் தனக்கு என்று அவள் மனசுக்குள் பங்கு பிரித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

தங்கை மகள் மேடை ஏறுவது தெரிந்தவுடன் விநாயகம் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். என் கடையில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"நடிக்கட்டும் அமிர்தம், நான் வேணான்னு சொல்லல. ஆனா எந்த நாடகத்துல எவன் தாலி கட்டனாலும் ரெண்டு முடிச்சோட நிக்கணும். மூணாவது எங்க சாந்தி போடறது."

சாந்தி துரைராஜின் தங்கை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சு போட்டு நிறுத்துவான், மூன்றாவதைப் போடுவது அவன் கூடப்பிறந்தவள். அது விழுந்தால்தான் கல்யாணம். நாடகத்தில் இரண்டோடு நின்றால் அது விளையாட்டு. மன்றத்தில் கதாநாயகனாக வந்த டெய்லர் தாண்டவராயனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு முடிச்சு போட்டுவிட்டு, நூலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே பாட்டைப் பாடி முடித்துவிடுவான்.

அறுபத்திரண்டில், மாசி மாதம், மெட்ராசிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி கோட்டையில் படம் பிடிக்க வந்தது. ராஜா காலத்துக் கதை. கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலில் தோரணம் கட்டினார்கள். கல்யாணமான மறுநாளே புருஷன் சண்டையில் செத்துப்போகிற பெண்ணாக நடிக்க ஒரு சின்னப் பெண் தேவை என்று தெரிந்ததும், அமிர்தவல்லி மகளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். டைரக்டர் முன்னால் நீலாவதி அழுது காட்டினாள். எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முழுதும் அமிர்தவல்லி கடைவீதியில் நடந்த நடையைப் பார்த்திருக்கவேண்டும், கோட்டையையே அவள் பேருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி.

படப்பிடிப்பன்று நாங்கள் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டுக் கயிற்றுக்கு வெளியே நின்றோம். எங்களுக்குத் தெரிந்தது முதுகுகள்தான். உடுப்பு தைத்துக் கொடுக்க உள்ளே ஊசிநூலோடு நின்ற தாண்டவராயன் பிறகு சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மாப்பிள்ளையாக நடித்தவன் இரண்டு முடிச்சு போட்டான். மூன்றாவது போட, மாப்பிள்ளையின் தங்கை வேஷத்தில் மீனம்பாள் என்று ஒரு துணை நடிகை நின்றாள். அவள் நூலை எடுத்தவள், "பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றார்கள்.

"அப்ப நான் போடமாட்டேன். போடற மாதிரி கை காட்டறேன், எடுத்துக்கோங்க."

டைரக்டருக்கு அது போதாது. கேமரா கழுத்துப் பக்கத்தில் இருந்தது, முடிச்சு இறுகுவது தெரியவேண்டும் என்றார். மீனம்பாள் நூலை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். இது சரிப்படாது, கம்பெனியோடு வந்திருந்த ஒரு மெட்ராஸ் பெண்ணையே உட்காரவைத்து முதலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தார். அந்த மெட்ராஸ் பெண் ஒரு தூண் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாளாம்.

"நான் போடறேங்க" என்றாள் அமிர்தவல்லி.

நீலாவதி திரும்பிப் பார்த்தாள். "வேணாம்மா. சாந்தி போடணும்மா."

"வாய மூடு. மூஞ்சி கெட்டுடும்."

போட்டாள். முதல் தடவை நிழல் விழுந்துவிட்டது என்றார்கள். அவிழ்த்தாள். மறுபடி போட்டபோது கை முடிச்சை மறைத்தது. அவிழ்த்தாள். "ஒன் மோர் டேக்" என்று டைரக்டர் கத்த, மூன்றாவதாக இழுத்துப் போட்ட முடிச்சுதான் சரியாக வந்தது. தாண்டவராயன் இதைச் சொன்னபோது தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் தாலி அறுக்கிற கட்டம். அதற்கு யாரும் ஆட்டுக்குட்டியைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நீலாவதி அழுத அழுகையில் விளக்கு பிடித்தவன் விளக்கைத் தாழ்த்திவிட்டானாம். டைரக்டர் கைதட்டினார். சாயங்காலம் அமிர்தவல்லி என் கடைக்கு வந்து, "எல்லாம் நான் குடுத்த பழக்கம்" என்றாள். அவள் போட்ட முடிச்சைப் பற்றி மூச்சு விடவில்லை. மகள் வாயையும் கட்டிவைத்தாள். முடிச்சு போட்ட கை யாருடையது என்று படத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

படம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீசுக்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் வந்தது. தை மாதத்தில் கல்யாணம் என்று வல்லத்தில் நாள்கூடப் பார்த்துவிட்டார்கள். விநாயகம் குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு வந்தது. அமிர்தவல்லி அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, தான் நடுவில் உட்கார்ந்தாள். நீலாவதியும் துரைராஜும் வரிசைக்கு ஒரு கோடியில் இருந்தார்கள்.

நீலாவதியின் முகம் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அழுத கட்டத்தை வெட்டியிருந்தார்கள். தூரத்தில் முக்காடு போட்ட ஒரு உருவம் போகும், அதுதான் அவள். மிஞ்சியது அவள் பின்கழுத்து. திரை முழுவதும் அந்தக் கழுத்து, மஞ்சள் கயிறு, முடிச்சை இழுக்கிற இரண்டு கை. வலது மணிக்கட்டில், சின்ன வயதில் மேல்மலையனூர்த் திருவிழாவில் பச்சை குத்திக்கொண்ட தேள், மாட்டுவண்டி பெருசுக்கு ஊர்ந்தது.

கடையில் தினமும் புளியும் பருப்பும் அள்ளிப்போட்ட அமிர்தவல்லியின் அந்தக் கையை அறியாதவர் செஞ்சியில் யாருமில்லை. தரை டிக்கெட்டில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் கொட்டகையே சிரித்தது.

விநாயகம் அந்த இடத்திலேயே எழுந்துவிட்டார். வெளியே, கொட்டகை வாசலில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சாந்தி அத்தையின் கையைப் பிடித்துப் புரட்டி அந்தத் தேளைப் பார்த்தாள்.

"எனக்கு வேல இல்லாமப் பண்ணிட்டீங்க அத்த. முடிச்சும் போட்டு, அறுத்தும் எடுத்துட்டீங்க. எங்கண்ணன் செத்தவன் எடத்துல வந்து ஒக்காரணுமா?"

"சினிமாடி அது" என்றாள் அமிர்தவல்லி.

"ரெண்டோட நின்னிருந்தா சினிமா" என்றார் விநாயகம்.

துரைராஜ் மாட்டைப் பூட்டினான். நீலாவதி வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் நுகத்தடிக் கயிற்றைக் கட்டின இடத்திலேயே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. தை மாதத்தில், பார்த்த அதே நாளில், வேறு பெண்ணுக்கு அவன் தாலி கட்டினான். சாந்தி மூன்றாவது முடிச்சு போட்டாள்.

சினிமாவும் போயிற்று. அமிர்தவல்லி மகளை இழுத்துக்கொண்டு மெட்ராசுக்குப் போய் அந்தக் கம்பெனி வாசலில் நின்றாள். என்ன படத்தில் நடித்தாள் என்று கேட்டவன், பெயரைச் சொன்னதும் நீலாவதியைத் திரும்பி நிற்கச் சொன்னானாம், கழுத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று. இதைத் தனகோட்டி என்னிடம் சொன்னார். அவர் அதிகம் பேசாத மனுஷன். சொல்லிவிட்டுத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் கடைவீதியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நீலாவதி குடத்தோடு போனால் யாராவது ஒருவன் "ஒன் மோர்" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களை பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கி விஷயத்தைச் சொல்லி அனுப்புவதற்கென்றே ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதில் ஒரு காலணா லாபம் கிடையாது.

கடைசியில் அறுபத்தேழில் பனமலையிலிருந்து ஒரு மனுஷர் சம்மதித்தார். கனகராஜ் என்று பெயர், பெண்டாட்டி செத்தவர், தலையில் பாதி நரை. கோயிலில் கல்யாணம். கூரைப்புடவை என் கடையில் எடுத்ததால் நானும் போயிருந்தேன். அமிர்தவல்லியை முன்னால் வரவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு தூணுக்குப் பின்னால், முந்தானையை வலது கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

கனகராஜ் இரண்டு முடிச்சு போட்டார். மேளம் கொட்டியது. அவருடைய தங்கை ஞானம்பாள் நகரவில்லை.

"போடும்மே" என்றார் கனகராஜ்.

"அது போட்டதுதானே" என்றாள் ஞானம்பாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அவங்க அம்மா எப்பவோ போட்டுட்டாங்க. ஊரே பாத்துச்சு. நான் இன்னாத்துக்கு?"

மேளக்காரன் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். எந்தப் பெண்பிள்ளையும் முன்னால் வரவில்லை. குனிந்த தலையோடு இருந்த நீலாவதிதான் பேசினாள். நான் அவள் குரலைக் கேட்டே நாலு வருஷம் ஆகியிருந்தது.

"எங்கம்மாவக் கூப்புடுங்க. அவங்களுக்குப் பழக்கம்."

அமிர்தவல்லி தூணைவிட்டு வந்தாள். மகளுக்குப் பின்னால் மண்டிபோட்டாள். நூலை எடுத்தாள், நழுவியது. மறுபடி எடுத்தாள், மறுபடி நழுவியது. முந்தானை விலகி, தேள் வெளியே தெரிந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நீலாவதி திரும்பவில்லை. "அவசரம் இல்லம்மா" என்றாள். "எத்தினி டேக் வேணும்னாலும் எடுத்துக்கோ."

அமிர்தவல்லிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண் மறைத்ததில் முடிச்சு எங்கே போடுகிறோம் என்றே தெரியாமல் தடவித் தடவிப் போட்டாள். நீலாவதி கண்ணில் ஒரு சொட்டு இல்லை. முடிச்சு விழுந்ததா என்று பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எழுந்து, புருஷனோடு கோயிலைச் சுற்றப் போனாள்.