பந்துக் கணக்கப்பிள்ளையின் பெரட்டு

மழையில் ஊறிய கரப்பந்து முன்கையில் விழும்போது உண்டாகும் எரிச்சல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் வருடத்தில் பாதி நாள் மழைதான்; பந்து ஊறிக் கனத்து, ஒவ்வோர் அடிக்கும் கை சிவந்து, சோற்றைப் பிசையும்போது விரல்கள் நடுங்கும். அந்தப் பந்தை எங்கள் கையில் கொடுத்தவர் அப்பா. பகலெல்லாம் மலையில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிவிட்டு, சாயங்காலம் கோயிலுக்குக் கீழே இருந்த சின்ன மைதானத்துக்கு வந்து, லயத்து வீடுகளின் பெண்பிள்ளைகளுக்குக் கரப்பந்து பழக்குவார். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. அதற்காக யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதுமில்லை.

அந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்த பெயர் "பெரட்டு". காலையில் கணக்கப்பிள்ளை தொழிலாளரை நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரிக்கிற பெரட்டைப் போலவே, அவரும் எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் பேராகக் கூப்பிட்ட பிறகுதான் பந்தைத் தொட விடுவார். பந்தைத் தவறவிட்டால், "இன்னைக்கு ஒனக்கு அரைப்பேருதான்" என்பார். பாதி நாள் கூலி என்று அர்த்தம். தோட்டத்தில் அவருக்குப் "பந்துக் கணக்கப்பிள்ளை" என்று பட்டம் கட்டிச் சிரித்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் எழுதாததுமாகக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ கொழும்புக்குப் போய்விடுவார்கள். போனவர்களின் பேரை அப்பா விடமாட்டார். அவர் கூப்பிடுவார், நிற்கிற நாங்கள் எல்லோரும் சேர்ந்து "கொழும்பு" என்று பதில் சொல்ல வேண்டும். "கூப்புடாம விட்டா வராமலே போயிருவாங்க" என்பார். தீபாவளிக்கு வந்து போனார்களே தவிர, பந்து விளையாட ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை.

அப்பாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஆறு பேர் சேர்ந்த ஓர் அணி, கலையாமல் ஹட்டன் போட்டி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். எனக்குப் பதினாறு வயதானபோது அது கைக்கு எட்டியதுபோல் இருந்தது. பந்தை உயர்த்திக் கொடுப்பதில் எங்கள் அணியில் இருந்த செல்விக்கு இணையாக எங்கள் பக்கத்தில் யாருமில்லை. போட்டிக்குப் பேர்கள் கொடுத்து முடிந்த பிறகு, ஒரு வாரம் இருக்கும்போது, செல்வியின் மாமா வந்து அவளைக் கொழும்புக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். அப்பா அவர்கள் லயத்துக் காம்பரா வாசலில் நின்று, "ஒரே ஒரு கெழம பொறுத்துக்கங்க" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"பந்து சோறு போடுமாண்ணே?" என்றாள் செல்வியின் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். மறுநாள் செல்வி போய்விட்டாள்.

வேறு வழி தெரியாமல், மலர் என்ற சின்னப் பெண்ணைச் செல்வியின் பேரில் ஹட்டனுக்கு அழைத்துப் போனார். "செல்வின்னு கூப்புட்டா நீ கையத் தூக்கணும் புள்ள" என்று பஸ் நெடுகச் சொல்லிக்கொடுத்தார். மற்ற ஐந்து பேருக்கும் எதுவும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மைதானத்தில் நடுவர் எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார். "செல்வி" என்றதும் மலர் கையைத் தூக்கினாள். அதே நொடியில் நாங்கள் ஐந்து பேரும், அந்த வாரம் முழுக்கச் சொன்ன பழக்கத்தில், ஒரே குரலில் "கொழும்பு" என்றோம்.

நடுவர் சிங்களவர், நல்ல மனிதர். மலரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "கொளம்பத?" என்று கேட்டார், கொழும்பிலா என்று. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எங்களைப் போட்டியிலிருந்து விலக்கினார். நாங்கள் அழுதோம். அப்பா ஒருத்தியையும் திட்டவில்லை. "உள்ளதத்தானே சொன்னீங்க. வாங்க, பஸ்ஸப் புடிப்போம்" என்றார். வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்படி ஓர் அணி அவருக்கு அப்புறம் அமையவே இல்லை.

அடுத்த வருடம் நானும் போனேன், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடைக்கு. "நேரத்துக்குச் சாப்புடு தாயி" என்றார் அப்பா.

போன மழைக்காலத்தில் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகு, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட மலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கடைசில பழக ரெண்டே புள்ளைங்கதான் வந்துச்சிங்க அக்கா. அப்பவும் அத்தன பேரையும் கூப்புடுவாரு. ஒங்க பேரத்தான் கடைசியா கூப்புடுவாரு. அதுங்க 'கொழும்பு'ன்னு சொன்ன பெறகுதான் பந்தக் குடுப்பாரு" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மைதானத்தில் இப்போது மானாப்புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. வலை கட்டிய கம்பங்களை யாரோ விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் கடைக்குத் திரும்பிவிட்டேன். கூப்பிடாமல் விட்டால் வராமலே போய்விடுவோம் என்று அப்பா சொல்லுவார். இனி எங்களைக் கூப்பிட அங்கே ஆள் இல்லை.