கிருஷ்ணவேணி டீச்சர் காரின் டைமிங் பெல்ட்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். குருபோங்கில் பதினாறு வருடமாக கார் பட்டறை வைத்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது பேசினால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். இப்போது சிரிப்பதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது. எல்லோருக்கும் ஊருக்குப் போக வேண்டும், எல்லோருக்கும் நாளைக்கே வண்டி வேண்டும். கிருஷ்ணவேணி டீச்சரும் காரைக் கொண்டுவந்து விட்டார். "தம்பி, டைமிங் பெல்ட்ட மாத்திடுங்க. ஓடும்போது அறுந்தா இன்ஜினே போயிருமாமே, பயமா இருக்கு" என்றார்.

கடையிலிருந்து வந்தது ஒரே ஒரு பெல்ட். என் மனைவி ராகினியின் காரும் அதே மாடல்தான். அவள் மூவாருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறவள். டீச்சர் பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுகிறவர். புது பெல்ட்டை ராகினி காரில் போட்டேன். டீச்சர் காரில் வெடிப்பு விட்ட பழையதையே வைத்து மூடி, மாற்றியாயிற்று என்று தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"மாத்தியாச்சா தம்பி?"

"புதுசு டீச்சர். கவலையே படாதீங்க லா."

தீபாவளிக்கு மறுநாள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது, மூவார் ரோட்டில் மெர்லிமாவ் தாண்டி, அவர் இன்ஜின் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. டீச்சர் அங்கேயே போய்விட்டார்.

காரை என் பட்டறைக்கே இழுத்து வந்து போட்டார்கள். பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. மூன்றாம் நாள் தகவல் வந்தது, மறுநாள் காலை இன்சூரன்ஸ் ஆள் வந்து இன்ஜினைத் திறப்பாராம். பழைய பெல்ட்டைப் பார்த்தால் எனக்கு ஜெயில்தான். பொய் சொல்ல மாட்டேன், டீச்சருக்காக எனக்கு அழுகை வரவில்லை. ஒரு புது பெல்ட்டை வெட்டி, அறுந்த மாதிரி உள்ளே வைத்துவிட்டால் போதும் என்றுதான் யோசித்தேன்.

அன்று மாலை 6.50. ஆட்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். பானெட்டைத் திறந்து இன்ஜின்மேல் கை வைத்தேன்.

சுட்டது.

மூன்று நாளாக ஓடாத வண்டி...

6.58. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. பேட்டரியை நானே கழற்றி வைத்திருந்தேன்.

7.04. பீப்... பீப்... பீப்... சீட் பெல்ட் போடச் சொல்லும் சத்தம். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

க்ளிக்.

பீப் நின்றது.

7.08. இன்ஜின் ஓட ஆரம்பித்தது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். அதற்குப் பிறகு எந்த இன்ஜினும் ஓடாது. இது ஓடியது... சத்தமே இல்லாமல், அழகாக.

"மாத்தியாச்சா தம்பி?"

என் காதுக்குப் பக்கத்தில்...

7.11. இன்ஜின் நின்றது.

பெல்ட் மூடியைக் கழற்றினேன்.

உள்ளே, புத்தம் புது பெல்ட்.

சிரித்தேன். ஆமாம், வாய்விட்டுச் சிரித்தேன். தப்பித்துவிட்டேனே!

7.13. ராகினியின் போன்.

"என்னங்க... மெர்லிமாவ்கிட்ட வண்டி அப்படியே நின்னுருச்சு... ஸ்டார்ட்டே ஆகல... ஐயோ, பின்னால லாரி..."

அவ்வளவுதான்.

டீச்சர் இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை என்று இன்சூரன்ஸ் ஆள் எழுதிக்கொண்டு போனார். டீச்சரின் கணவர் ராகினி சாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன் தம்பி, மன்னிச்சிருங்க."

எட்டாம் நாள் ராகினியின் அப்பா முனுசாமி மாமா வந்தார். அவள் இன்ஜினைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்ததை என் மடியில் போட்டார். அறுந்த பெல்ட். டீச்சர் காரில் நான் வைத்து மூடிய அதே பெல்ட். அந்த வெடிப்பு எனக்குத் தெரியாதா?

புதியதைத்தான் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது யாருக்கு வந்த பெல்ட் என்பதையும் சொல்ல வேண்டுமே.

"ஊரு காருக்கெல்லாம் புதுசு போடுறீங்களே மாப்ள," என்றார் மாமா. "என் மவளுக்கு மட்டும் ஏன்யா இதப் போட்டீங்க?"