ஒரு நிமிஷ ஜெர்மன்

தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணா ஒரு செல்போன் வாங்கினான். செங்கல் கனம். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். அதோடு மாட வீதியில் நடந்தால் சாமி புறப்பாட்டுக்கு விலகுகிற மாதிரி ஊரே விலகும் என்று அவனுக்கு நினைப்பு. மாடுகூட விலகவில்லை.

அப்போதுதான் ஆழ்வார்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி, எங்களில் ஒருவரை ஜெர்மனிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னது. அங்கிருக்கும் மேலாளர் சாயங்காலம் வீட்டுக்கே போன் செய்து ஜெர்மனில் பேசிப் பார்ப்பாராம். போயே தீர வேண்டும் என்று எனக்கு வெறி. செல்போனுக்கும் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அண்ணா வாத்தியாரானான்.

காலண்டர் தாளின் பின்பக்கம் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் 'நான்'. அதிலிருந்து வீடு, வேலை, சாப்பாடு என்று கிளைகள். கிளை முழுக்க அகராதியைப் பார்த்து எழுதிய ஜெர்மன் வார்த்தைகள். கருத்து வரைபடமாம், ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறான். மழையில் கலைந்த சிக்குக்கோலம் மாதிரி இருந்ததை வீட்டு டெலிபோனுக்கு மேலே ஒட்டினான்.

பாண்டி பஜாரில் கூட்டம் நெரிகிற இடமாகப் பார்த்து நின்று எனக்குப் போன் போடுவான். "சாப்பாடு" என்று நாலு கடைக்குக் கேட்கும்படி கத்துவான். நான் அந்தக் கிளையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஒரு நிமிஷம் தாண்டினால் அடுத்த நிமிஷத்துக்கும் காசு. அதனால் எல்லாக் கிளையின் நுனியிலும் 'அவுஃப் வீடர்ஹோரன்' என்று எழுதியிருந்தான். போனில் விடைபெறும் வார்த்தை அது. சொன்ன கையோடு ரிசீவரை வைத்துவிட வேண்டும். தாமதித்தால் வீட்டுக்கு வந்து திட்டுவான்.

மேலாளர் கூப்பிட்டார். வேலையைப் பற்றிக் கேட்டார். 'வேலை' கிளையைத் தப்பில்லாமல் பொழிந்தேன். அவர் சந்தோஷமாக ஏதோ சொல்லி அடுத்த கேள்விக்கு வந்தார். அதற்குள் நான் அவுஃப் வீடர்ஹோரன் சொல்லி டொக்கென்று வைத்துவிட்டேன். அவ்வளவு நல்ல பயிற்சி.

வைத்த பிறகுதான் உறைத்தது. அழுகை முட்டியது. திரும்பக் கூப்பிடுவார் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"எப்படிடீ போச்சு?" என்றான் அண்ணா.

அவர் கூப்பிடுவார் என்று கத்திவிட்டு வைத்தேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் போட்டான். மறுபடியும் வைத்தேன். விடுவானா?

"நிதானமாச் சொல்லு. இன்னிக்கு மட்டும் காசைப் பத்திக் கவலைப்படாதே."

ஜெர்மனிக்குப் பக்கத்து மேஜைக்காரி போவதென்று மறுநாளே முடிவாகிவிட்டது. மேலாளர் எத்தனை தடவை போட்டும் லைன் எங்கேஜ்டாகவே இருந்ததாமே, யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று ஆபீஸில் கேட்டார்கள்.

என் ஜெர்மன் வாத்தியாரோடு என்றேன்.